உன் கையை நான் ஏன் பார்த்தேன்

கதிர்,

போன ஞாயிற்றுக்கிழமை உன் நிச்சயம் முடிந்து பெண் வீட்டார் ஊரான கெப்பாலா பத்தாஸிலிருந்து திரும்பும்போது, கடல் பாலத்தின் மேல் காரை ஓட்டிக்கொண்டே நீ என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். "என்னப்பா, மண்டபத்துலேர்ந்து என் கையையே பாத்துக்கிட்டு வர்றீங்க? மோதிரம் பிடிக்கலயா?" என்றாய். "மோதிரம் நல்லாத்தான் இருக்கு, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன். நீ சிரித்துவிட்டு வானொலியைப் போட்டாய். அந்தக் கேள்விக்கு உண்டான பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, தொலைபேசியில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை அறிக்கை எழுதியவன் நான். என்ன பழுது, எப்போது கண்டோம், யார் தவறு என்று ஒன்று விடாமல் எழுதத் தெரியும். அந்த மாதிரி எழுதிவிடுகிறேன். நீ தனியாக உட்கார்ந்து படி. படித்த பிறகு யாழினியிடம் நீயே கொடு. அவளுக்குத் தெரியாமல் இந்தக் கல்யாணம் நடக்கக் கூடாது.

உன் அம்மா ஸ்ட்ரோக் வந்து சாகவில்லை. உனக்கு அப்படிச் சொன்னவன் நான்தான். நீ அப்போது ஜொகூரில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாய், பரீட்சை கெட்டுவிடும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். பரீட்சை முடிந்து நான்கு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகும் சொல்லாததற்குக் காரணம் என்ன என்று கேட்டால் பயம் என்பதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை.

முதலிலிருந்து வருகிறேன். உன் அம்மா சூலியா தெருவுக்குப் பக்கத்தில் பாயின் ஜவுளிக்கடையில் பதினாறு வருடம் சேலை விற்றது உனக்குத் தெரியும். ஒரு கல்யாணக் கூட்டம் வந்து நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டுப் போனால், அவர்கள் கல்லாவில் நிற்பதற்குள் அத்தனையையும் பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் ஏற்றிவிடுவாள். வீட்டில் நான் என் சட்டையை நானே மடித்து வைத்தால் போதும், அதைப் பிரித்து உதறித் திரும்ப மடித்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். "ஒலகத்துலயே சட்டைக்குப் பயந்த ஆம்பள நான்தான்" என்பேன். "பயப்படுங்க, நல்லதுதான்" என்பாள். அப்படிப்பட்டவளைப் பற்றித்தான் தீபாவளி முடிந்த வாரத்தில் பாய் எனக்குப் போன் செய்தார். "அண்ணே, தங்கச்சி ஒரு சேலைய கையில வச்சுக்கிட்டு அர மணி நேரமா நிக்கிது. எப்படி மடிக்கிறதுன்னு தெரியலங்குது. கிளினிக் கூட்டிட்டுப் போங்க லா" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. வேலைக்காரியைக் குறை சொல்ல முதலாளிக்கு ஒரு சாக்கு என்று நினைத்தேன். "தீபாவளிக்கு நின்னு நின்னு ஓய்ஞ்சு போயிருக்கா பாய், வேறொண்ணுமில்ல" என்று சொல்லி வைத்துவிட்டேன். நோயை முதலில் கண்டவர் அவர். நான் அவரிடம் இன்றுவரை அதைச் சொல்லவில்லை.

அடுத்த இரண்டு மாதத்தில் அவள் படியில் இறங்கும்போது சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். படி நகர்கிறது என்றாள். வெந்நீர்க் குடுவையை மேசைக்கு வெளியே காற்றில் வைத்தாள், அது விழுந்து உடைந்தது. பேசிக்கொண்டே இருப்பாள், பெயர் வராது, என் பெயர்கூட வராது. நான் மூக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். என் அறிவு அவ்வளவுதான்.

பிறகு தைப்பூசம் வந்தது. வழக்கம்போல நாங்கள் உறுமி மேள செட்டுக்காரர்கள் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகிற சாலையில் தண்ணீர்ப் பந்தல் போட்டிருந்தோம். உன் அம்மா பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ரதம் வந்தது. ரதம் வரும்போது தேங்காய் உடைப்பதைத்தான் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாயே, மலை மாதிரி குவித்து வைத்து, தமிழர் சீனர் என்றில்லாமல் ஆளாளுக்கு எடுத்துத் தரையில் அடிப்பார்கள். முதல் தேங்காய் உடைந்ததும் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. இரண்டாவதுக்கும் தூக்கிப் போட்டது. அப்புறம் நூறு தேங்காய் ஒன்றாக உடைந்தபோது இரண்டு கையும் மேலே எகிறி, கண் விரிந்து, நின்ற இடத்தில் துள்ளினாள். பக்கத்தில் நின்ற பெண்கள், "அம்மா வந்துட்டா! அம்மா வந்துட்டா!" என்று கத்தினார்கள். யாரோ வேப்பிலை கொடுத்தார்கள். ஒருத்தி காலில் விழுந்தாள், இன்னொருத்தி தட்டை நீட்டித் திருநீறு கேட்டாள். உன் அம்மாவின் கை தட்டில் பட்டு, திருநீறு அந்தப் பெண்ணின் முகமெல்லாம் கொட்டியது. அவள் அதை அப்படியே வாங்கிப் பூசிக்கொண்டாள். உன் அம்மாவை ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டாள். அவர்தான் யாழினியின் அம்மா, உன் மாமியாராக வரப்போகிறவர்.

எனக்கு அன்றைக்கு எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்லட்டுமா? பெருமையாக இருந்தது. இருபது வருடம் உறுமி அடித்தவன், ஊரார் பெண்டாட்டிக்கெல்லாம் சாமி வரவழைத்தவன், என் வீட்டுக்கே சாமி வந்துவிட்டது என்று மார்பு விரிந்துபோயிற்று. படி நகர்ந்தது, பெயர் மறந்தது எல்லாவற்றுக்கும் ஒரே விளக்கம் கிடைத்துவிட்டது. அருள் இறங்கப் போகிற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று செட்டில் பெரியவர் ஒருவர் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அதற்கப்புறம் ஆறு வெள்ளிக்கிழமை, நம் அடுக்குமாடிக்குக் கீழே உள்ள சின்னக் கோயிலில் அவளை உட்கார வைத்தோம். கூட்டம் வந்தது. பட்டர்வொர்த்திலிருந்தெல்லாம் வந்தார்கள். நான் உறுமியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று அடிப்பேன். ஒவ்வொரு அடிக்கும் அவள் உடம்பு எகிறும். அடி நின்றால் அவளும் நிற்பாள். எவ்வளவு பலமாக அடித்தேனோ அவ்வளவு துள்ளினாள், ஆகவே பலமாக அடித்தேன். ஆறாவது வெள்ளிக்கிழமை அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "போதும்ங்க... ஒடம்பெல்லாம் வலிக்கிது" என்றாள். சமையலறையிலிருந்து கூப்பிடுவாளே, அந்தக் குரல். அது சாமி இல்லை, என் பெண்டாட்டி என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. சுற்றிலும் முப்பது பேர் கைகூப்பி நின்றார்கள். நான் அடியை நிறுத்தவில்லை, கதிர். தெரிந்த பிறகும் இன்னும் ஒரு பாட்டு முழுக்க அடித்தேன்.

அடுத்த நாள் அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். தலையைப் படம் எடுத்தார்கள், தலைமுழுக்க ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள், முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து நரம்பு டாக்டர் வந்தார், நம் தமிழ்ப் பெண்தான், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள் இருப்பாள். நான் அருள் வந்த கதையைச் சொன்னேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. கட்டிலருகே போய் ஒரு தரம் கையைத் தட்டினாள். உன் அம்மாவின் உடம்பு எகிறியது. சற்றுப் பொறுத்து இன்னொரு தரம் தட்டினாள். எகிறியது. "சத்தத்துக்குத் துள்ளுறது இந்த நோயோட அடையாளம்ங்க, ஐயா" என்றாள். என் இருபது வருட உறுமி அந்த இரண்டு கைத்தட்டலோடு முடிந்துபோனது.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நம்ம எல்லார் மூளையிலயும் ஒரு புரதம் இருக்கு. அது சரியா மடிஞ்சு இருந்தாத்தான் வேலைக்காகும். இவங்களுக்கு அது தப்பா மடிஞ்சிருச்சு. தப்பா மடிஞ்ச ஒண்ணு, பக்கத்துல இருக்கிற நல்லதத் தொட்டு அதையும் தன்ன மாதிரியே மடிச்சிரும். அது அடுத்தத மடிக்கும். அப்படியே பரவும். இதுக்குப் பிரியான் நோய்னு பேரு." கிருமியா என்று கேட்டேன். "கிருமி இல்ல. அதுக்கு உயிரே இல்ல. உயிர் இருந்தா மருந்து குடுத்துக் கொல்லலாம். இதுல கொல்றதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். காய்ச்சல்கூட வரவில்லையே என்றேன். சொந்தப் புரதம் என்பதால் உடம்பு அதை எதிரியாகவே நினைக்காதாம், எதிர்த்துச் சண்டை போடாதாம். தப்பாக மடிந்தவை சேரச் சேர மூளை அணுக்கள் செத்து, பூதக்கண்ணாடியில் பார்த்தால் மூளை பஞ்சு மாதிரி பொத்தல் பொத்தலாக இருக்குமாம். பார்வையைக் கவனிக்கிற இடத்தில் பொத்தல் விழுந்ததால் படி நகர்ந்தது. நடையைக் கவனிக்கிற இடத்தில் விழுந்ததால் சுவரைப் பிடித்தாள். சேலை மடிக்கிற கை எந்த இடத்தில் இருந்ததோ, அது எல்லாவற்றுக்கும் முன்னால் போய்விட்டது. மடிப்பு, மடிப்பு என்று அந்த டாக்டர் சொல்லச் சொல்ல எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, பாய் கடையில் கையில் ஒரு சேலையோடு அவள் நின்ற அந்த அரை மணி நேரம்தான் தோன்றியது.

நான்கு மாதம் முன்னால், பாய் சொன்னபோதே கூட்டி வந்திருந்தால் என்று கேட்டேன். "முதல் நாளே வந்திருந்தாலும் இதேதான். இதுவரைக்கும் இதுக்கு மருந்து கிடையாது" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஆனால் யோசித்துப் பார். நோய் என் தவறு இல்லை, சரி. ஆறு வெள்ளிக்கிழமை? அவளுக்கு மிச்சம் இருந்த நல்ல நாளே அவ்வளவுதான். அதைத்தான் நான் உறுமிக்குக் கொடுத்தேன். நீ ஊருக்கு வந்தபோது அவள் பேசுவதை நிறுத்தியிருந்தாள். நீ அவள் காலைப் பிடித்து உட்கார்ந்திருந்தாய், அவள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மாவுக்கு நான் வந்தது தெரியுமாப்பா?" என்று கேட்டாய். "தெரியும்டா" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

இனிமேல் எழுதப்போவதுதான் உனக்கான பகுதி. அம்மா இறந்து காரியம் எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டாள். அம்மாவின் இரத்தத்தை எடுத்துப் பார்த்ததில், இது தானாக வந்தது இல்லை, பிறவியிலேயே குடும்ப வழியாக வந்தது என்று தெரிந்துவிட்டது. உன் தாய்மாமா கூலிமில் நாற்பத்து மூன்று வயதில் தள்ளாடித் தள்ளாடிச் செத்தாரே, குடித்துக் கெட்டார் என்று ஊரே சொல்லிற்றே, நானும் அவரைக் காட்டித்தானே உன்னை வளர்த்தேன்? "குடிச்சா ஒங்க மாமா மாதிரிதான் ஆவ" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். கடைசி ஒரு வருடம் அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை என்று அத்தை அழுதுகொண்டே சொன்னாள். யாரும் நம்பவில்லை. அவர் குடித்துத் தள்ளாடவில்லை, கதிர். நான் உனக்குச் சொன்ன புத்திமதியில் இப்படி எத்தனை தப்போ.

அம்மாவிடம் இருந்தது உனக்கும் வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சரிபாதி வாய்ப்பு. இரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வந்திருந்தால் பெரும்பாலும் நடுவயதில்தான் காட்டும், சிலருக்கு முன்னாலும் காட்டுமாம். தொட்டால், கூட இருந்தால், ஒரே தட்டில் சாப்பிட்டால் ஒட்டாது. பிள்ளைக்குப் போகலாம். தெரிந்துகொள்வதா வேண்டாமா என்பதை நீதான் முடிவு செய்ய வேண்டும், உன்னைக் கூட்டிவரச் சொன்னாள் டாக்டர். "நானே சொல்லிக் கூட்டிட்டு வர்றேன்" என்று சத்தியம் மாதிரி சொல்லிவிட்டு வந்தேன். நீ வேலைக்குச் சேர்ந்தாய், இப்போது வேண்டாம் என்று இருந்தேன். கார் வாங்கினாய், பிள்ளை சந்தோஷமாக இருக்கிறான் என்று இருந்தேன். போன வருடம் இரத்த தானம் செய்து, கையில் பஞ்சோடு படம் எடுத்து எனக்கு அனுப்பினாய். இந்தக் குடும்பத்துப் பிள்ளை இரத்தம் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு நினைவிருந்தது. "சபாஷ்" என்று பதில் அனுப்பினேன். உன்னை மட்டும் இல்லை, முகம் தெரியாத யாரையோ சேர்த்து ஏமாற்றினேன். இனிக் கொடுக்காதே. கொடுத்த இடத்தில் போய் விஷயத்தைச் சொல்லிவிடு.

இப்போது நிச்சயத்துக்கு வருகிறேன். யாழினி வீட்டு சாமி அலமாரியில் உன் அம்மா படம் மாலை போட்டு இருக்கிறதே, கையை மேலே தூக்கி, கண்ணை விரித்து. அந்த வீட்டில் உன்னை மறுபேச்சில்லாமல் மாப்பிள்ளையாக ஏற்றுக்கொண்டதே அந்தப் படத்தால்தான். "சாமி வந்த வீட்டுப் புள்ள, வேற என்ன வேணும்?" என்று சம்பந்தி அம்மா என்னிடமே சொன்னார்கள். அவர்கள் கும்பிடுவது ஒரு நோயாளி திடுக்கிட்ட நொடியை. நான் அதன் முன்னால் நின்று, அவர்கள் கொடுத்த சூடத்தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அப்புறம் மண்டபத்தில், அம்மா நினைவாக என்று எனக்குச் சொல்லாமலே உறுமி செட் ஒன்றை வரவழைத்திருந்தார்கள். உனக்குப் பின்னால் நின்று முதல் அடி அடித்தார்கள். உன் வலது கை எகிறி, கையிலிருந்த சிராப் சர்பத் முழுக்கச் சட்டையில் கொட்டியது. எல்லோரும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். சம்பந்தி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு, "பாத்தீங்களா, அவங்க வந்துட்டாங்க" என்றார்கள்.

நான் அதனால்தான் உன் கையைப் பார்த்தேன்.

பின்னால் நின்று உறுமி அடித்தால் எந்த மனிதனுக்கும் கை தூக்கிப் போடும். எனக்குத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது போதவில்லை, இனி எதுவும் போதாது. நீ பரிசோதனை செய்து இல்லை என்று வந்தால் நான் பிழைத்தேன். இருக்கிறது என்று வந்தால், அந்தத் தாளை வைத்துக்கொண்டு நீ ஒன்றும் செய்ய முடியாது, காத்திருக்கத்தான் முடியும். செய்யவே வேண்டாம் என்று நீ இருந்தாலும் அதுவும் உன் இஷ்டம். டாக்டரின் அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். எதைச் செய் என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் உனக்குச் செய்ததை நீ யாழினிக்குச் செய்யாதே. அவள் அழுவாள், வேண்டாம் என்றுகூடச் சொல்வாள். சொல்லட்டும். தெரிந்து வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவளுக்கு இருக்கிறது. சம்பந்தி அம்மாவிடம் நானே போய்ச் சொல்கிறேன், அந்தப் படத்தையும் இறக்கச் சொல்கிறேன். அது என் வேலை.

நம்பிக்கையாக எதையாவது எழுதி முடிக்க வேண்டும் என்றுதான் மூன்று நாளாகப் பார்க்கிறேன். என்னிடம் இல்லை. இருந்தால் உனக்குத் தராமல் யாருக்குத் தரப்போகிறேன்?

ஒரே ஒன்று பாக்கி இருக்கிறது. திங்கட்கிழமை மத்தியானம் நீ சாப்பிட்டுவிட்டு, கோலாலம்பூருக்குக் கிளம்புமுன் சோபாவில் படுத்துக் கண்ணயர்ந்தாய். மோதிரக் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நான் அறைக்குள் போய், அம்மா போனதிலிருந்து தொடாமல் கட்டிலடியில் கிடந்த உறுமியை எடுத்தேன். தோளில் மாட்டிக்கொண்டு வந்து உன் தலைமாட்டில் நின்றேன். ஒரே ஒரு அடி, கை எப்படி எகிறுகிறது என்று பார்த்துவிடலாம் என்று குச்சியை ஓங்கினேன். அவள் குரல் கேட்டது, அதனால் நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். கேட்கவில்லை. மேலே சுழன்ற காற்றாடிச் சத்தம்தான் கேட்டது. ஓங்கிய கையோடு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நீ கண் விழித்து, "என்னப்பா, கல்யாணத்துக்கு வாசிக்கப் போறீங்களா?" என்று கேட்டாய். "இல்லடா, தூசு தட்டுறேன்" என்றேன். நீ சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாய்.

நான் தூசு தட்டவில்லை, கதிர்.

அப்பா